லிப்பேயா, முக்கா, யாவ் நோயா? தெற்குத் தாய்லாந்தில் எந்தச் சின்னத் தீவு

பேங்காக், பட்டாயா, புக்கெட் எல்லாம் பார்த்தாயிற்று, இனி ஆள் வாழ்கிற ஒரு சின்னத் தீவில் நாலு நாள் சும்மா கிடந்துவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்: கோ லிப்பே, கோ முக், கோ யாவ் நோய். ('கோ' என்றால் தாய் மொழியில் தீவு. அரசன் இல்லை.) போன வருஷம் மட்டும் இந்தக் கேள்வியோடு மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கல்லூரிக் கால நண்பர்கள் ஐந்து பேர், அப்புறம் அறுபத்தெட்டு வயது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜூலையில் கிளம்ப இருந்த ஒருவர். மூவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன்.

படத்தில் மூன்று தீவும் ஒரே மாதிரிதான் இருக்கும். பச்சை நீர், 'நீள்வால்' எனப்படும் நீண்ட மரப்படகு, ஓரத்தில் தென்னை. போய் இறங்கினால்தான் தெரியும். லிப்பே முழுக்கவே கடற்கரை; ஊர் அதன் இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கிறது. யாவ் நோய் ஒரு ஊர். அதன் ஓரத்தில் கொஞ்சம் கடற்கரை உண்டு. முக் இரண்டுக்கும் நடுவில். உங்களுக்கு வேண்டியது கடலா ஊரா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கீழே உள்ளவை.

## எதை வைத்து அளப்பது

மாதம். மூன்றும் அந்தமான் கடல் பக்கம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. கோ சமூயி இருக்கும் கிழக்குப் பக்கத்தில் கணக்கு வேறு, அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. இதில் ஒரு சிக்கல் உண்டு. லிப்பேக்குப் போகிற பலர் ஹாட்யாய் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். ஹாட்யாய் கிழக்குப் பக்கத்து மழையை வாங்குகிற ஊர். 2025 நவம்பரில் அந்த நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. தீவில் பருவம் திறந்துவிட்டது என்று நம்பி நவம்பரில் டிக்கெட் போட்டால் வழியில் மாட்டிக்கொள்ளலாம்.

கடைசிப் படகு. வரைபடத்தில் தூரத்தை அளந்து பயனில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் பாருங்கள். விமானம் மதியத்துக்கு மேல் இறங்கினால் பெரும்பாலும் கரையில் ஒரு இரவு தங்கவேண்டியிருக்கும். அந்த அறை வாடகையைத் தீவுச் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

கூட யார். நீச்சல் தெரியுமா, முழங்கால் வலி உண்டா, படகில் வாந்தி வருமா. இதை வெட்கப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சாப்பாடு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தத் தீவிலும் கவலையில்லை. சைவம் என்றால் கொஞ்சம் வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். தாய் மொழியில் சைவ உணவுக்கு 'மங்சவிரத்' என்கிறார்கள். மாம்சத்தை விடுவது என்ற அதே வடமொழி வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால் கறித்துண்டு வராது, மீன் சாறு வந்துவிடும். 'ஜே' என்று சொல்வது பாதுகாப்பு. அது முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூட இல்லாத கடும் சைவம். அதோடு 'மை ஸை நம் ப்லா' (மீன் சாறு போடாதீர்கள்) என்றும் சொல்லிவிடுங்கள். குழம்பு விழுதுகளில் இறால் விழுது அரைத்தே இருக்கும், அதனால் குழம்பைவிட வதக்கல் வகைகள் நல்லது.

அறை வாடகைக்கு வெளியே போகும் பணம். இது தீவுக்குத் தீவு மாறுகிறது. ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் 'தெற்குத் தாய்லாந்தா, அங்கே குண்டு வெடிக்குமே' என்பார்கள். அந்தக் கலவரப் பகுதி பட்டானி, யாலா, நராதிவாத் மாகாணங்களும் சோங்க்லாவின் நான்கு வட்டங்களும்தான். இந்த மூன்று தீவுகள் இருக்கும் சத்தூன், ட்ராங், பங்ஙா மாகாணங்கள் அதில் சேரா. விசாவைப் பொறுத்தவரை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விலக்கு கொடுத்தார்கள். இந்த விதி மாறக்கூடியது, டிக்கெட் போடுமுன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

## கோ லிப்பே: கடலுக்காகப் போகிற தீவு

மலேசிய எல்லைக்குப் பக்கத்தில், சத்தூன் மாகாணத்தில். 1974-இல் அறிவிக்கப்பட்ட தருதாவ் கடல் தேசியப் பூங்காவை ஒட்டிய தீவுக் கூட்டத்தில் ஆள் வாழ்கிற சின்னத் தீவு இது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்தாலே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

போக இரண்டு வழி. ஹாட்யாயிலிருந்து வேனில் சுமார் இரண்டு மணி நேரம் பாக் பாரா துறை, அங்கிருந்து விரைவுப்படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இல்லையென்றால் பருவத்தில் மலேசியாவின் லங்காவி தீவிலிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரப் படகு. பினாங்கு, கெடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இரண்டாவதுதான் சுலபம். கடற்கரை மணலிலேயே குடியேற்ற அலுவலகம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முத்திரை வாங்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மலேசிய நேரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது. திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகும். லங்காவியிலிருந்து அன்றே விமானம் பிடிக்கிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

நீருக்கடியில் பார்க்க வேண்டுமென்றால் மூன்றில் லிப்பேதான், இதில் பேச்சே இல்லை. ஜாபாங் கால்வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தால் கீழே ஊதாவும் சிவப்புமாக மென்பவளங்கள் அசைகின்றன. ஹின் ஙாம் தீவில் மணலே கிடையாது, வழவழப்பான கருங்கூழாங்கற்கள் மட்டும்தான். ஒரு கல்லை எடுத்துப் போனாலும் தருதாவ் தேவதையின் சாபம் பிடிக்கும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எதிரே ஆடாங் தீவில் மலையேறினால் லிப்பே முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? துறைக் கட்டணம், பூங்காக் கட்டணம் (வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 200 பாட் வாங்கினார்கள்), பெரிய படகிலிருந்து கரைக்கு நீள்வால் படகுக்குத் தலைக்கு 50 பாட். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல், ஆக ஒவ்வொன்றும் சில்லறைதான். நாலு பேர் குடும்பத்துக்கு இருபக்கமும் கூட்டினால் சில்லறையாகத் தெரியாது. இதைவிடப் பெரிய வெட்டு சாப்பாட்டில். நடைத்தெரு எனப்படும் கடைவீதியில் டிசம்பர் கடைசியிலும் சீனப் புத்தாண்டிலும் கரையில் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன்.

பணம் இல்லாத செலவு ஒன்றும் உண்டு. ஏப்ரல் கடைசியில் ஒருமுறை படகின் முன்பக்கம் காற்று வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு அலைக்கும் படகு எழும்பித் தட்டென்று விழும், விழும்போதெல்லாம் முதுகெலும்பு தனியாகக் கழன்று வருவதுபோல் இருந்தது. மூன்று நாள் குனிய முடியவில்லை. பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்தில் சத்தமும் புகையும் இருந்தாலும் அங்கேயே உட்காருங்கள். கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தையே தவிர்ப்பது நல்லது.

சரி, ஊர்? இங்கே நூறாண்டுக்கு மேலாக வாழ்கிறவர்கள் ஊராக் லவோய் என்னும் கடல்மக்கள். சயாமுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 1909-இல் எல்லை வகுத்த காலத்தில் இந்தத் தீவில் நிலைகொண்டவர்கள். அவர்களில் பலருக்கு 'ஹான் தலே' என்ற குடும்பப்பெயர். கடலுக்கு அஞ்சாதவர் என்று பொருள், தாய்லாந்து அரச குடும்பம் கொடுத்தது. கடலுக்கு அஞ்சாதவர்களை இன்று நிலம்தான் மிரட்டுகிறது. கடற்கரை நிலங்கள் விடுதிகளுக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையை வேலி மறித்த தகராறு 2022 கடைசியில் நாடு முழுக்கச் செய்தியானது. நடைத்தெருவிலிருந்து இரண்டு சந்து உள்ளே போனால் தகர வீடுகள், வாசலில் வலை. 'ஆள் வாழ்கிற தீவைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு லிப்பே போகிறவர்கள் இதையும் பார்க்கத் தயாராகப் போக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, பருவம் மாறும் காலத்தில், கெட்டதையெல்லாம் ஏற்றிக் கடலில் விட ஒரு படகு செய்து மிதக்கவிடுகிறார்கள். அது அவர்கள் சடங்கு. தள்ளி நின்று பார்க்கலாம்.

எப்போது லிப்பே சரி: டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை, பவளம் பார்ப்பதுதான் முதல் ஆசை என்றால், லங்காவியோடு சேர்த்துப் போகிறீர்கள் என்றால், இரவு பத்து மணிக்கும் கடை திறந்திருக்க வேண்டுமென்றால். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். படகுகள் குறையும், அறை பாதி விலைக்குக் கிடைத்தாலும் கடலில் இறங்க முடியாது.

## கோ முக்: பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தால்

ட்ராங் மாகாணம். 'முக்' என்றால் முத்து. கிழக்குப் பக்கம் மீனவர் கிராமம், பெரும்பாலும் முஸ்லிம்கள். மேற்குப் பக்கம் ஃபராங் கடற்கரை, பெயரே வெள்ளைக்காரன் கடற்கரை என்றுதான். நடுவில் ரப்பர்த் தோட்டத்தின் வழியாக அரை மணி நேர நடை, அல்லது பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிள். தங்குவது கிழக்கா மேற்கா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கிழக்கில் வாடகையும் சாப்பாடும் மலிவு, ஆனால் தண்ணீர் வற்றும் நேரத்தில் கடல் எங்கோ தள்ளிப் போய்விடும். மேற்கில் அஸ்தமனம், நீந்தத் தோதான கடல், மற்றபடி கடை கண்ணி குறைவு.

எனக்கு முக்கில் பிடித்ததில் பாதி, போகிற வழி. பேங்காக்கிலிருந்து இரவு ரயிலேறினால் மறுநாள் காலை ட்ராங். பேங்காக்கின் டோன் முவாங் விமான நிலையத்திலிருந்து விமானமும் உண்டு. தவளை மூஞ்சி வைத்த பழைய டுக்டுக் வண்டிகள் ஓடும் ஊர் ட்ராங். சீன வழியினர் நிறைந்த ஊர், காலையிலேயே பன்றி வறுவலும் டிம்சமும் (ஆவியில் வேகவைத்த சீனச் சிற்றுண்டி) வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். சைவர்கள் சோயாப் பாலும் எண்ணெயில் பொரித்த பத்தோங்கோ என்னும் மாவுப் பண்டமும் சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம். தாய்லாந்தின் முதல் ரப்பர் மரம் இந்த மாகாணத்துக் காந்தாங்கில் 1899-இல் நடப்பட்டது என்று காட்டுகிறார்கள். கிராபியிலிருந்து சாலைவழி வருகிறவர்கள் க்ளோங் தோம் என்ற ஊரைத் தாண்டுவார்கள். அங்கேதான் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. நமக்கு முன்னாலேயே ஒருவர் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறார், அதுவும் வேலை விஷயமாக.

ட்ராங்கிலிருந்து வேனில் ஒரு மணி நேரம் குவான் துங் கூ துறை, அங்கிருந்து படகில் அரை மணி. ஊர்க்காரர்களும் போய்வர வேண்டுமே, அதனால் மழைக்காலத்திலும் இந்தப் படகு ஓடுகிறது. மழைக்காலத்தில் மூடுவது மரகதக் குகைதான். முக் போகிறவர்களில் பலர் அதற்காகவே போகிறார்கள் என்பதால் இது முக்கியம்.

குகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடலிலிருந்து பாறைக்குள் சுமார் 80 மீட்டர் சுரங்கம். நடுப்பகுதி கும்மிருட்டு. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, வழிகாட்டியின் டார்ச் வெளிச்சத்தில் நீந்திப் போக வேண்டும். மறுமுனையில் வானம் திறக்கிறது: சுற்றிலும் செங்குத்துப் பாறை, நடுவே துண்டு மணற்கரை, மரங்கள். கூரை இடிந்து விழுந்த குகை அது. நீச்சலே தெரியாத என் மைத்துனர் முன்னால் போகிறவர் அங்கியின் வாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து கண் திறந்ததும் 'திரும்பவும் இதே வழியா' என்றுதான் கேட்டார். ஆக நீச்சல் தெரியாதது தடையில்லை, இருட்டுக்குப் பயப்படுவதுதான் தடை. நீர்மட்டம் ஏறினால் வாய் குறுகிவிடும், அலை இருந்தால் விடமாட்டார்கள். படகுக்காரர் சொல்லும் நேரத்துக்குப் போங்கள், உங்கள் வசதிக்கு நேரம் கேட்காதீர்கள். காலை ஏழு, ஏழரைக்குள் உள்ளே இருந்தால் அமைதி. பத்து மணிக்கு மேல் லந்தா தீவிலிருந்து சுற்றுலாப் படகுகள் வந்து, சுரங்கத்துக்குள் கும்பகோணம் மகாமகம் மாதிரி ஆகிவிடும்.

செலவில் இங்கே ஒரு சூட்சுமம். குகை, க்ராதான், ஙாய் தீவுகளைச் சுற்ற நீள்வால் படகுக்கு வாடகை படகு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று இல்லை. ஐந்து பேர் என்றால் மலிவு, இரண்டு பேர் என்றால் கடி. குகைக்குப் பூங்காக் கட்டணம் தனி. ரொக்கத்தை ட்ராங்கிலேயே எடுத்துவிடுங்கள். க்ராதானில் ஊர் என்று ஒன்று கிடையாது, பகல் போய்வந்தால் போதும் என்பது என் எண்ணம். பக்கத்து லிபோங் தீவின் கடற்புல் வெளிகள் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்குப் பேர்போனவை. 2019-இல் மரியம் என்ற குட்டி ஆவுளியாவைப் பார்க்க நாடே அங்கே திரும்பியது, வயிற்றில் பிளாஸ்டிக்கோடு அது இறந்ததும் அந்த ஆண்டேதான்.

எப்போது முக் சரி: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, நான்கைந்து பேராக, பகலெல்லாம் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்கு ஊரோடு அடங்கிவிடத் தயார் என்றால்.

## கோ யாவ் நோய்: ஊருக்காகப் போகிற தீவு

முதலில் கெட்ட செய்தி. கடற்கரை சுமார். தண்ணீர் வற்றினால் சேறும் கல்லும்தான். படத்தில் பார்த்த நீலத்தை எதிர்பார்த்து வந்து முகம் தொங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் நல்ல செய்தி. பங்ஙா வளைகுடாவுக்குள், புக்கெட்டுக்கும் கிராபிக்கும் நடுவே, காற்றுக்கு மறைவாக இருக்கிறது. புக்கெட்டின் பாங் ரோங் துறையிலிருந்து விரைவுப்படகில் அரை மணி, ஆண்டு முழுவதும். ஜூலையில் போகத்தான் முடியும் என்றால் இந்த மூன்றில் இதற்கு மட்டும்தான் நான் சரி சொல்வேன். மழை பெய்யும், ஆனால் மழையில் செய்ய இங்கே வேலை உண்டு. ரப்பர்ப் பால் வெட்டி, தகடாக உருட்டிக் கொடியில் காயப்போடுவதைப் பார்க்கலாம். நெல் வயல், எருமை, காலையில் இருவாட்சிப் பறவை. கிழக்குக் கரைச் சாலையில் சைக்கிளில் போனால் எதிரே கடலுக்குள் சுண்ணாம்புக் குன்றுகள் வரிசையாக நிற்கும்.

தொண்ணூறுகளில் பெரிய இழுவைப் படகுகள் வளைகுடா மீனை வாரிக்கொண்டு போனபோது இந்த ஊர் மீனவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தை வெளியாட்களுக்குக் காட்டவும் பிழைப்புக்கு இன்னொரு வழி தேடவும்தான் வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைப்பதைத் தொடங்கினார்கள். 2002-இல் அதற்கு 'வேர்ல்ட் லெகசி' என்ற சர்வதேச விருதும் கிடைத்தது. நான் தங்கிய வீட்டில் மெத்தை தரையில், குளியல் தொட்டியிலிருந்து மொண்டு. காலையில் அந்த வீட்டம்மா ரொட்டி சுட்டார். நம் பரோட்டாவேதான், மேலே வாழைப்பழமும் இனிப்புக் கெட்டிப்பாலும். இந்த வசதி போதாதவர்களுக்கு நடுத்தர விடுதிகளும், கேட்டாலே தலை சுற்றும் விலையில் சொகுசு விடுதிகளும் இதே தீவில் இருக்கின்றன.

ஊர் பெரும்பாலும் முஸ்லிம் ஊர். நீச்சலுடையில் தெருவில் நடப்பது அழகல்ல. மது எல்லாக் கடையிலும் கிடைக்காது. இப்போது சில ஆண்டுகளாக ரமலான் பிப்ரவரி, மார்ச்சில், அதாவது நல்ல பருவத்துக்குள்ளேயே வருகிறது. பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துத் தின்பண்டக் கடைகள் அந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்பது வேறு விஷயம்.

மறைந்த செலவு: புக்கெட் விமான நிலையத்திலிருந்து பாங் ரோங் வரை டாக்ஸி. அது படகுக் கட்டணத்தைவிட அதிகம். தீவு லிப்பேயைப் போல நடந்து முடிக்கிற அளவில் இல்லை, ஸ்கூட்டர் வேண்டும். சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். அடமானமாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், ரொக்கம் கொடுங்கள்.

எப்போது யாவ் நோய் சரி: மழைக்காலம், வயதானவர்கள், குழந்தைகள். தீவிலேயே சிறிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பெரிதாக ஏதாவது என்றால் புக்கெட் அரை மணி நேரம்தான்.

## ஒரே பார்வையில்

| | லிப்பே | முக் | யாவ் நோய் |
|---|---|---|---|
| நல்ல மாதம் | டிசம்பர்–ஏப்ரல் நடு | டிசம்பர்–ஏப்ரல் | ஆண்டு முழுவதும் |
| கரையிலிருந்து படகு | 1½–2 மணி | ½ மணி | ½ மணி |
| நீந்தவும் பவளம் பார்க்கவும் | மிக நன்று | நன்று (படகில் போய்) | சுமார் |
| ஊர் வாழ்க்கை | தேடிப் போக வேண்டும் | கிழக்குக் கரையில் | எங்கு பார்த்தாலும் |
| சைவச் சாப்பாடு | சுலபம் | சொல்லிச் செய்ய வேண்டும் | சொல்லிச் செய்ய வேண்டும் |
| முழங்கால் வலிக்காரர் | கடினம் | பரவாயில்லை | சுலபம் |
| எதிர்பாராத செலவு | டிசம்பர் விலை, சில்லறைக் கட்டணங்கள் | ஆள் குறைந்தால் படகு வாடகை | டாக்ஸி, ஸ்கூட்டர் |

## அந்த மூன்று பேர்

ஜோடிக்கு லிப்பே சொன்னேன், ஜனவரியில், லங்காவி வழியாக. நண்பர்கள் ஐவருக்கு முக். அவர்கள் படகு வாடகையை ஐந்தாகப் பிரித்து, மிச்சத்தில் ட்ராங்கில் இன்னொரு இரவு தங்கிச் சாப்பிட்டார்கள். அம்மாவோடு ஜூலையில் போனவருக்கு யாவ் நோய். நாலு நாளில் இரண்டு நாள் மழை. கடலில் யாரும் சரியாக இறங்கவில்லை. அம்மா மட்டும் தங்கிய வீட்டுக்காரம்மாவோடு, பொதுவாக ஒரு வார்த்தைகூட மொழி இல்லாமல், மூன்று நாள் சமையலறையிலேயே இருந்திருக்கிறார். தேங்காய் துருவும் பலகையை விலை கேட்டு வாங்கியும் வந்துவிட்டார்.

முக்கும் லிப்பேயும் இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு, பருவத்தில் இரண்டையும் இணைக்கும் விரைவுப்படகு உண்டு, முதலில் முக், பிறகு லிப்பே, லங்காவி வழியாக வெளியே என்று போனால் வந்த வழியே திரும்ப வேண்டாம். இதற்குக் குறைந்தது ஏழு நாள் கையில் வேண்டும். யாவ் நோயை இந்தச் சங்கிலியில் கோர்க்கப் பார்க்காதீர்கள். ஒரு முழுப் பகல் படகிலேயே போய்விடும்.